சொந்த இருசக்கர வாகனம் அவசியம்: சுற்றுச்சூழல் திட்டங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

சுற்றுச்சூழல் திட்டங்களுக்கு மாணவர்களைத் தன்னார்வலர்களாக அழைப்பவர்களுக்கும், அவர்களை அனுப்பிவைக்கும் கல்லூரி நிர்வாகங்களுக்கும்,

சென்ற மாதம் எங்கள் துறை வாட்ஸ்அப் குழுவுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. கடலோர ஈரநிலம் ஒன்றில் அக்டோபர் முதல் ஆறு மாதம் பறவைக் கணக்கெடுப்பு. எம்.எஸ்சி. படிப்பவராகவோ முடித்தவராகவோ இருக்க வேண்டும். வாரத்தில் ஐந்து நாள், காலை ஆறு மணிக்குக் களத்தில் நிற்க வேண்டும். சொந்த மடிக்கணினி, சொந்த இருசக்கர வாகனம் அவசியம். ஊதியம் கிடையாது, முடிவில் சான்றிதழ் உண்டு. அது நிதி ஒதுக்கப்பட்ட திட்டம் என்பதும் அறிவிப்பின் முதல் வரியிலேயே இருந்தது.

நான் டெல்டா மாவட்டம் ஒன்றில், அரசு கலைக் கல்லூரியில் சுற்றுச்சூழல் அறிவியல் நடத்தும் கௌரவ விரிவுரையாளர். அன்று சாயங்காலம் ஒரு மாணவி வந்து, "மேம், வண்டி இல்லேன்னா எடுத்துக்கவே மாட்டாங்களா?" என்று கேட்டாள். ஊதியத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை. அது கிடைக்காது என்பதை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டுவிட்டாள். என்னை உறுத்தியது அதுதான்.

இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அவள் ஊரிலிருந்து அந்த இடத்துக்குப் போக வர பேருந்துக்கு 60 ரூபாய். பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ் அந்த வழியில் இல்லை. நிறுத்தத்திலிருந்து உள்ளே போக ஷேர் ஆட்டோ 40, காலைச் சாப்பாடும் டீயும் 40. ஆக நாளுக்கு 140. மாதம் 22 நாள் என்றால் 3,080. ஆறு மாதத்துக்கு 18,480 ரூபாய். அதோடு, முதல் பேருந்து அங்கே போய்ச் சேரவே ஏழு மணி தாண்டிவிடும். ஆறு மணிக்கு நிற்க வேண்டுமானால் அங்கேயே ஓர் அறை எடுத்தாக வேண்டும். அவள் அம்மா நடவுக்கும் களையெடுக்கவும் போகிறார். இளங்கலை முடியும் வரை புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் விழுந்துகொண்டிருந்தது. முதுகலைக்கு வந்தபின் அதுவும் இல்லை.

அறிவிப்பில் இருந்த எண்ணை அழைத்தேன். பயணப்படியாவது தர முடியுமா என்று கேட்டேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். "விருப்பம் இருக்கிறவங்க மட்டும் வந்தா போதும் மேடம்" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன். என் மாணவிக்கு விருப்பம் இல்லை என்று முடிவு செய்ய உங்களால் எப்படி முடிந்தது? கொசு உள்ளானையும் பவளக்காலியையும் பறக்கும்போதே பிரித்துச் சொல்வாள். பைனாக்குலர் இல்லாமல், குளத்து மேட்டில் மணிக்கணக்காக நின்று பழகியது. வாகனம் வைத்திருப்பதும், ஆறு மாதம் வீட்டுக்குச் சம்பாதித்துத் தராமல் இருக்க முடிவதும் விருப்பமா, வசதியா?

இதில் என் அனுபவத்தையும் சொல்லியாக வேண்டும்.

நான் வேதாரண்யம் பக்கத்து உப்பளத் தொழிலாளியின் மகள். கோடியக்கரை எங்களுக்குக் கூப்பிடு தூரம். 1967இலிருந்து அது சரணாலயம், 2002இலிருந்து ராம்சர் தலம், அதாவது உலக அளவில் முக்கியம் என்று பட்டியலிட்ட ஈரநிலம். இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. சின்ன வயதில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஐப்பசி பிறந்தால் பாத்தியில் வேலை நின்றுவிடும், பறவை வந்துவிடும். மழைக்கு உப்பு எடுக்க முடியாது. அப்பா வீட்டில் இருப்பார், கடையில் கடன் ஏறும். அதே மாதங்களில்தான் பூநாரைகளும் ஆயிரக்கணக்கான உள்ளான்களும் எங்கிருந்தோ வந்து இறங்கும். எங்கள் கரையில் பறவை நிறையும் காலமும் எங்கள் வீட்டில் காசு இல்லாத காலமும் ஒன்று. களப்பணிக்கு நீங்கள் ஆள் தேடுவதும் அப்போதுதான்.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரையைக் கடந்தபோது எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் இருந்தேன். எங்கள் வீட்டுக் கூரை போனது. ஊரில் தென்னை நின்ற தோப்பே இல்லை. உப்பளங்களில் சேறு ஏறிவிட்டது. கோடியக்காட்டில் மரங்கள் சாய்ந்து கிடந்தன, வெளிமான்கள் செத்துக் கிடந்தன. வகுப்புத் தோழர்கள் பல ஊர்களிலிருந்து வந்தார்கள். சாலையில் விழுந்த மரத்தை வெட்டினோம், பால் பவுடர் சுமந்தோம், தார்ப்பாய் கட்டினோம். யாரும் யாரிடமும் காசு கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. அதற்குப் பெயர் தன்னார்வம்.

அடுத்த ஜனவரியில் புயலுக்குப் பிந்தைய பறவைக் கணக்கெடுப்பு என்று ஒரு திட்டம் வந்தது. மூன்று மாதம். நான்கு மாணவர்கள் சேர்ந்தோம். வருகைப் பதிவேடு இருந்தது, நாளுக்கு இத்தனை புள்ளிகளில் எண்ண வேண்டும் என்ற இலக்கு இருந்தது, தாமதமானால் கேள்வி கேட்க மேற்பார்வையாளர் இருந்தார். சம்பளம் மட்டும் இல்லை. முதல் மாதம் முடிவதற்குள் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். இரண்டு பேருமே புயலில் தோப்பை இழந்த வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் திருப்பூருக்கு வேலைக்குப் போனார்கள். நான் அம்மாவின் தோட்டை அடகு வைத்துத் தொடர்ந்தேன். அது சரியான முடிவா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் முழங்கால் ஆழச் சேற்றில் நடந்தபோது, கூட வந்த தோழனின் காலில் திருக்கை முள் ஏறியது. அந்த வலியைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எங்களிடம் பூட்ஸ் இல்லை, முதலுதவிப் பெட்டி இல்லை. உப்பளத்துக்காரர் ஒருவர் தன் வண்டியில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மருந்துச் செலவை எங்களுக்குள் பங்கு போட்டோம். "தன்னார்வலர்களுக்குக் காப்பீடு கிடையாது" என்று திட்ட அலுவலகம் சொல்லிவிட்டது. அந்த மாதம் அவன் எண்ணிய பறவைகள் மட்டும் அறிக்கையில் ஏறின. அறிக்கையில் எங்கள் நான்கு பேரின் பெயரும் இல்லை, "களக்குழு" என்று ஒற்றைச் சொல்தான் இருந்தது.

பிறகு அதே மாதிரி ஒரு திட்டத்தில் சம்பளத்தோடு ஆய்வு உதவியாளர் வேலை வந்தபோது விண்ணப்பித்தேன். தன்னார்வ அனுபவம் கணக்கில் வராது என்றார்கள். என் சான்றிதழில் "பங்கேற்றார்" என்று இருந்தது. எத்தனை நாள், என்ன முறையில் எண்ணினேன், எந்தப் பறவைக் கூட்டங்களை அடையாளம் காணத் தெரியும், ஒன்றும் இல்லை. இலவசமாக வேலை வாங்கும்போது எங்களிடம் முழுத் திறமையும் வேண்டும் என்கிறீர்கள். அதையே அனுபவம் என்று எழுதித் தரச் சொன்னால் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறீர்கள்.

அப்புறம் சென்னையில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தேன். மாதம் 12,000 ரூபாய். ஒரு திட்டம் வந்தால் அந்த இடத்துக்கு என்ன ஆகும் என்று சொல்லும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கும் வேலை. களத்துக்கு அனுப்புவார்கள் என்று நம்பிப் போனேன். இரண்டாவது வாரமே ஒரு பறவைப் பட்டியலைக் கொடுத்து, ஊர்ப் பெயரை மாற்றிச் சேர்க்கச் சொன்னார்கள். கடலோரச் சமவெளியில் வரவிருந்த ஒரு திட்டம் அது. பட்டியலில் நீலகிரிச் சிரிப்பான் இருந்தது. மலை உச்சியின் சோலைக்காட்டை விட்டு இறங்காத பறவை. வேறு ஏதோ அறிக்கையிலிருந்து அப்படியே வந்திருக்கிறது. அதை நீக்கிவிட்டு, மற்றதைச் சேர்த்துக் கொடுத்தேன். போய்ப் பார்க்காமல் கொடுத்தேன். அந்தக் குற்ற உணர்வு என்னிடம் இன்னும் இருக்கிறது. நான்கு மாதத்தில் விலகிவிட்டேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இரண்டும் ஒரே கதைதான். களத்தில் நின்று எண்ணுவது காசு கொடுக்கத் தேவையில்லாத வேலை என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டால், அதை ஒருவர் மாணவர்களிடம் இலவசமாக வாங்குவார், இன்னொருவர் செய்யாமலே விடுவார். அப்படிப்பட்ட மதிப்பீட்டு அறிக்கைகளுக்கான மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு அறிவிக்கை, பருவமழை தவிர்த்த ஒரு பருவத்தில் அடிப்படைத் தரவு எடுத்தாலே போதும் என்கிறது. எங்கள் கரையில் மே மாதம் வந்து எண்ணினால் சேறு காலியாகத் தெரியும். வலசைப் பறவைகள் போயிருக்கும். அங்கே எப்போது என்ன வரும் என்பது அந்த ஊரில் வளர்ந்து, அதையே படித்த பிள்ளைகளுக்குத் தெரியும். அவர்கள் இந்தத் துறையில் நிலைத்தால்தான் காலி என்று எழுதப்பட்ட அறிக்கையைப் பார்த்து யாராவது எழுந்து கேட்பார்கள். அவர்களைத்தான் முதல் படியிலேயே வெளியேற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

தன்னார்வத்துக்கு நான் எதிரி இல்லை. சென்னையில் மாணவர்கள் 1988இலிருந்து தாங்களே ஓர் அமைப்பாகச் சேர்ந்து, பங்குனி ஆமை முட்டையிடும் மாதங்களில் இரவு முழுக்கக் கடற்கரையில் நடக்கிறார்கள். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். நாய்க்கும் மனிதக் காலுக்கும் தப்ப வைத்து, பொரிப்பகத்தில் புதைத்து, ஏழு வாரம் போல் காத்திருந்து குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். 2025 ஜனவரியில் அந்தக் கடலோரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, ஒவ்வொன்றாகக் குனிந்து எண்ணியவர்களில் தன்னார்வலர்களும் இருந்தார்கள். 2015இலிருந்து பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு இன்னும் எளிது. கால் மணி நேரம் ஒதுக்கி, வீட்டு மாடியிலோ ஊர்க் கண்மாயிலோ நின்று எண்ணிப் பதிவேற்றினால் போதும். என் மாணவர்கள் ஒவ்வொரு வருஷமும் செய்கிறார்கள். இவை இரண்டிலும் யாரும் வருகைப் பதிவேடு வைப்பதில்லை. வர முடிந்த அன்று வரலாம், முடியாத அன்று வீட்டில் இருக்கலாம். ஆறு மாதம், வாரம் ஐந்து நாள், காலை ஆறு மணி என்பதை இதோடு சேர்த்து ஒரே பெயரில் அழைக்காதீர்கள். அது வேலை.

கல்லூரி நிர்வாகங்களுக்கும் இதில் பங்கு உண்டு. 1991இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. அதன்படி பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளங்கலை மாணவர்களுக்கும் கொண்டுவந்த ஈ.வி.எஸ். பாடத்தில் 100 மதிப்பெண்ணுக்கு 25 களப்பணிக்கு என்று வகுத்தது. நான் படித்தபோது அந்த 25 மதிப்பெண், இணையத்திலிருந்து படம் எடுத்து ஒட்டிய ரெக்கார்டு நோட்டுக்குப் போனது. நான் பார்த்த கல்லூரிகளில் அந்தப் பாடத்தை, அந்த செமஸ்டரில் யாருக்கு மணி நேரம் குறைகிறதோ அவர் எடுக்கிறார். சுற்றுச்சூழல் அறிவியல் படித்தவர் பள்ளி முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதவும் முடியாது, அந்தப் பெயரில் பாடமே இல்லை. கட்டாயப் பாடம் இருக்கிறது, அதைப் படித்தவருக்கு இடம் இல்லை. என்.எஸ்.எஸ். மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். அந்த மணி நேரத்தில் பெரும்பகுதி விழா மேடைக்கு நாற்காலி போடுவதிலும் பேரணியில் பதாகை பிடிப்பதிலும் கழிவதை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன். ஆனால் ஆமை நடைக்குப் போய்விட்டு விடிந்து வந்து, முதல் பீரியடைத் தவறவிட்ட மாணவனுக்கு ஆப்சென்ட் போடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன். விதி அப்படி என்று சொல்லித்தான் போட்டேன்.

வேலையே இல்லை, அதனால்தான் தன்னார்வம் என்று யாரும் சொல்ல வேண்டாம். தமிழ்நாட்டில் இப்போது 20 ராம்சர் தலங்கள் இருக்கின்றன, இந்தியாவிலேயே அதிகம். பாக் விரிகுடாவில் 2022இல் 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசு பாதுகாப்பகம் வந்தது. அதே வருஷம் கடவூரில் தேவாங்குச் சரணாலயம், மதுரைப் பக்கம் அரிட்டாபட்டியில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். ஒவ்வொன்றையும் பார்த்துக்கொள்ள, எண்ண, ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேச ஆள் வேண்டும். 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள். எங்கள் ஊரில் எந்த மீன் இப்போது வருவதில்லை, எந்த நெல்லை யார் வைத்திருக்கிறார், எந்தக் கீரையை எந்த மாதம் பறிப்பார்கள் என்று கேட்டு எழுத அந்த ஊர்ப் பிள்ளையைவிடத் தகுதியான ஆள் யார்? அந்தப் பதிவேட்டை ஒரு தடவை எழுதி அலமாரியில் வைத்துவிட்டால் பயன் இல்லை, சில வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தலைமுறைக்கும் வேலை இருக்கிறது.

நூறு நாள் வேலைக்கு 2024-25இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலி நாளுக்கு 319 ரூபாய். மாதம் 22 நாள் என்று உங்கள் ஆறு மாதத்துக்கு வரும் 132 நாளுக்கு அதைப் பெருக்கினால் 42,108 ரூபாய் வருகிறது. குளம் வெட்டுகிறவருக்குக் கொடுக்க வேண்டும் என்று நாடு ஒப்புக்கொண்டதை, அந்தக் குளத்துப் பறவையை எண்ணுகிறவருக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இனி, நான் கேட்பவை.

நிதி பெற்ற எந்தத் திட்டத்திலும் மாணவர்களுக்கு என்று ஒரு செலவினத்தைத் திட்ட வரைவிலேயே எழுதுங்கள். பயணம், சாப்பாடு, நாள்படி மூன்றும் அதில் வேண்டும். நாள்படி நூறு நாள் வேலைக் கூலிக்குக் குறையக் கூடாது. தொடர்ந்து ஒரு மாதத்துக்கு மேல், குறித்த நேரத்துக்கு வரச் சொன்னால் அதற்குத் தன்னார்வம் என்று பெயர் வைக்காதீர்கள். பணத்தைத் திட்டம் முடிந்தபின் மொத்தமாகத் தராமல் மாதா மாதம் தாருங்கள், எங்கள் வீடுகளில் செலவு மாதா மாதம்தான் வருகிறது. சொந்த வாகனம், சொந்த மடிக்கணினி என்ற நிபந்தனைகளை எடுத்துவிடுங்கள். களத்துக்கு வண்டி ஏற்பாடு செய்வது திட்டத்தின் பொறுப்பு. சேற்றிலும் கடலிலும் காட்டிலும் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளுக்கு முன்பே விபத்துக் காப்பீடு எடுங்கள். பூட்ஸும் முதலுதவிப் பெட்டியும் கொடுங்கள். பெண்கள் அதிகாலையிலும் இரவிலும் வேலை செய்யும் இடங்களில் தங்க இடமும் கழிப்பறையும் இல்லாமல் அவர்களை அழைக்காதீர்கள்.

அறிக்கையில் எண்ணியவர்களின் பெயரைப் போடுங்கள். சான்றிதழில் நாட்கள், மணி நேரம், கணக்கெடுத்த முறை, அடையாளம் காணத் தெரிந்த உயிரினங்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். நீங்களே பிறகு ஆள் எடுக்கும்போது அந்தச் சான்றிதழை அனுபவமாக ஏற்றுக்கொள்ளுங்கள். அறிவிப்புகளைத் தமிழிலும் வெளியிடுங்கள். மாவட்டங்களில் இருக்கும் அரசுக் கல்லூரிகளுக்கு நேரடியாக அனுப்புங்கள், உள்ளூர் மாணவர்களுக்கு இடங்களில் பாதியையாவது ஒதுக்குங்கள்.

கல்லூரிகளிடம் கேட்பது மூன்றே. ஈ.வி.எஸ். களப்பணி மதிப்பெண்ணை உண்மையான களப்பணிக்குக் கொடுங்கள், என்.எஸ்.எஸ். மணி நேரத்திலும் அதைச் சேருங்கள். இரவு நடைக்கும் கணக்கெடுப்புக்கும் போகிறவர்களுக்கு வருகைச் சலுகை கொடுங்கள், ஆமைப் பருவம் தொடங்குமுன் அதற்கான சுற்றறிக்கை வெளியாகட்டும். ஊதியம் இல்லாத நீண்டகால வேலைக்கான அறிவிப்பைத் துறைக் குழுவில் அப்படியே பகிராமல், பயணப்படியாவது தருகிறார்களா என்று கேட்டுவிட்டுப் பகிருங்கள். நான் இனி அப்படித்தான் செய்யப் போகிறேன்.

அக்டோபருக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. சென்ற மாதம் வந்த அந்த அறிவிப்பை அனுப்பியவர்கள் இதைப் படித்தால், அதைத் திருத்தி மறுபடி அனுப்புங்கள். எங்கள் துறைக் குழுவின் எண் உங்களிடம் இருக்கிறது. என் மாணவி விண்ணப்பத்தை எழுதி என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறாள். வாகன எண் கேட்டிருக்கும் இடத்தை மட்டும் நிரப்பவில்லை.